உயிர்னா வருவோம்

எங்கள் தெருவுக்குக் குடிவந்த அன்றைக்கு, சாமான்களை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு விஷயம் சொன்னார்.

"நான் ஃபயர் சர்வீஸ்ல இருக்கேன். பக்கத்து வூட்டுக்குத்தான் குடி வரேன். எனக்குக் குறட்டை சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. படுக்கிற ரூம் ஜன்னல் உங்க பக்கம் இருக்குது. முன்னாடியே சொல்லிட்டா நல்லதுன்னு வந்தேன்."

என் மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். அபிஷேகப்பாக்கத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், பால் யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்பார்கள். தன் குறட்டையைப் பற்றிச் சொல்ல வந்தவரை மாமனார் அதுவரை பார்த்ததில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு, "ஆள் ஒரு மாதிரி" என்றார்.

குட்டையான ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாகத் தெரியும். இடது முழங்கைக்குக் கீழே தீக்காயத் தழும்பு, தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். சொந்த ஊர் மணப்பட்டு, மீன்பிடிக்கும் குடும்பம். ஏரி மீன் கொடுத்தால் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார், ஆனால் "சேறு நாறும், நான் சாப்பிட மாட்டேன், அவங்க சாப்பிடுவாங்க" என்று மனைவியைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் பைக்கை உதைத்தபடி எங்கே போகிறார், எப்போது வருவார் என்று உள்ளே பார்த்துச் சொல்வார். கடைசியில் "சொல்லிட்டேன்" என்பார். உள்ளேயிருந்து பதில் வரும்வரை பைக் நகராது.

இந்த "சொல்லிட்டேன்" எங்கள் வீட்டுக்குள் சண்டையாக வந்தது மோட்டார் ஒயர் விஷயத்தில்.

மாமனாருக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்து ஊருக்கு வெளியே வரைக்கும் கரும்பும் நெல்லும் உண்டு. மோட்டார் கொட்டகைக்குப் போகும் ஒயர் தொங்கித் தொங்கிக் கரும்புத் தோகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூங்கில் கழியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். அந்த வழியாகப் போன நம்மாள் அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

"பெரியவரே, காத்து அடிச்சா அந்த ஒயர்ல பொறி விழும். ஒரு வாரத்துல மாத்திடுங்க. மாத்தலன்னா நானே கரண்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவேன்."

"இன்னாபா, மிரட்டுறியா?"

"இல்ல. உங்களுக்குத் தெரியாம போய்ச் சொன்னாதான் தப்பு. அதான் முன்னாடியே சொல்றேன்."

மாமனார் மாற்றவில்லை. வாரம் முடிந்ததும் வாசலில் பைக் நின்றது. "பெரியவரே, இன்னிக்கு ஆபீஸுக்குப் போறேன். சொல்லிட்டேன்." சொன்னபடியே போனார். லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார். புது ஒயர் இழுத்து முடியும்வரை கரும்புக்குத் தண்ணீர் இல்லை. அன்றிலிருந்து மாமனார் அவரைப் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று சொல்வதை நிறுத்திவிட்டார். 'அந்த ஃபயர்காரன்' ஆகிவிட்டார்.

எனக்கும் அவர்மேல் ஒருமுறை கோபம் வந்தது. மழைக்காலம். எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பையன் ஒருவன் நண்பர்களோடு ஏரியில் குளிக்கப் போய் மதகுப் பக்கம் முழுகிவிட்டான். ஓடிப்போய் நின்றோம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். அந்தப் பையன் மூன்று வயதில் என்னிடம் அ, ஆ சொன்னவன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "ஒண்ணும் ஆவாது, அந்தாண்ட கரை ஏறியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

ஃபயர் வண்டி வந்தது. அவர் இறங்கி, சட்டையைக் கழற்றிக்கொண்டே பையனின் நண்பர்களிடம் இடத்தைக் கேட்டார். பிறகு நேராக அந்த அம்மாவிடம் வந்தார்.

"எம்மா, முழுகி ரொம்ப நேரம் ஆயிடுச்சு. உயிரோட கொண்டாற முடியாது. ஆனா கொண்டாந்துடுவேன். நீ இங்கியே இரு."

எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. ஒரு தாயிடம் பேசுகிற பேச்சா இது என்று கூட்டத்தில் யாரோ திட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. தண்ணீருக்குள் போனார், எழுந்தார், மறுபடியும் போனார். இருட்டுவதற்குள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அந்த அம்மா என்னிடம் சொன்னாள். "அன்னிக்கு நீங்க எல்லாரும் என்னைக் கொழந்தையாட்டம் ஏமாத்தினீங்க. அந்த ஆள்தான் நான் பெத்தவள்னு மதிச்சுச் சொன்னான்."

அவரிடமே கேட்டேன். "எதுக்குண்ணே எல்லாத்தையும் இப்படி முன்னாடியே போட்டு உடைக்கிறீங்க?"

யோசித்துத்தான் சொன்னார். "எங்க ஊர்ல படகு எடுக்கிறதுக்கு முன்னாடி, எந்தப் பக்கம் போறோம்னு கரையில ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் போவாங்க. திரும்பி வரலன்னா எங்க தேடணும்னு கரையில இருக்கிறவங்களுக்குத் தெரியணும் இல்ல? எங்கப்பா ஒருநாள் சொல்லாம போயிட்டாரு."

இப்படிப்பட்ட ஆள்தான் ஸ்ட்ரைக் செய்யப் போகிறார் என்று தெரிந்தபோது ஊரே வாயைப் பிளந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் ஸ்டேஷனில் இருந்த வண்டி பழையது. பம்பு ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று அழுத்தம் இறங்கி, தண்ணீர் செடிக்கு ஊற்றுவதுபோல் ஒழுகும். ஆறு பேர் போகவேண்டிய இடத்துக்கு நாலு பேர் போவார்கள். புகைக்குள் போவதற்கான மூச்சுக் கருவி இரண்டு இருந்தது, அதில் ஒன்று வேலை செய்யாது. ஹைவே பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி எரிந்தபோது, அவரோடு போன ஆள் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் மயங்கி விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் நுரையீரல் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாமல் வீட்டோடு இருக்கிறார். எழுதிக் கேட்டார்கள், நேரில் போய்க் கேட்டார்கள். பார்க்கலாம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் சங்கம் ஒருநாள் ஸ்ட்ரைக் என்று முடிவு செய்தது. அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள் ஸ்ட்ரைக் செய்யக்கூடாது, செய்தால் நடவடிக்கை என்று மேலேயிருந்து உத்தரவும் வந்தது.

சங்கத்தில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்த வேண்டும், அப்போதுதான் உறைக்கும் என்றார்களாம். அவர் எழுந்து நின்று முடியவே முடியாது என்றிருக்கிறார். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவது. உயிர் போகிற விஷயமென்றால் அன்றைக்கும் வண்டி கிளம்பும், பொருள் என்றால் கிளம்பாது. இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொண்டால் வருகிறேன், இல்லாவிட்டால் நான் இல்லை. மணிக்கணக்காகச் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு டியூட்டி இல்லாத நேரமெல்லாம் பைக்கில் சுற்றினார். பாகூர்ப் பக்கம், வில்லியனூர்ப் பக்கம், கோயில் வாசல், மாதா கோயில் வாசல், டீக்கடை. எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னபோது நானும் பால் வாங்க நின்றிருந்தேன்.

"வர்ற புதன்கிழமை காலையிலேர்ந்து மறுநாள் காலைவரைக்கும் நாங்க ஸ்ட்ரைக். உயிர்னா வருவோம். பொருள்னா வரமாட்டோம். அன்னிக்கு யாரும் வயல்ல கரும்புச் சோகை கொளுத்தாதீங்க. டிரம்முல தண்ணி ரொப்பி வெச்சுக்கங்க. சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். "அண்ணே, இவ ஸ்ட்ரைக் பண்ணா பிள்ளைங்களுக்கு ஒருநாள் சுண்டல் போவும். நீங்க பண்ணா வூடு போவும். உங்க வேலையில இருந்துகினு இது சரியா?"

"வண்டி வந்துடும்னு நம்பி நீ தூங்குற. அந்த வண்டியில தண்ணி பாதியில நின்னுடும்னு எனக்குத் தெரியும். அதை உங்கிட்ட சொல்லாம மணி அடிச்சுகினு வரேனே தினமும், அது சரியா?"

"அதுக்கு அதிகாரிங்ககிட்ட சண்டை போடு. எங்களை எதுக்கு நடுவுல இழுக்குற?"

"போட்டுப் பாத்துட்டேன்" என்றார். "உங்களுக்கு வலிக்கும்னு தெரிஞ்சேதான் பண்றேன். வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமனார் சிரித்தார். "அவன் லீவு போட்டா நான் வயலைப் பூட்டி வைக்கணுமா?"

அந்தப் புதன்கிழமை மாமனாருக்கு வயல் வேலைக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். கரும்பு வெட்டி முடிந்த கொல்லை. காய்ந்து கிடக்கும் தோகையை, அந்தச் சோகையைக் கொளுத்திவிட்டுத்தான், கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக்குத் தண்ணீர் விடவேண்டும். நானும் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தோம். "காத்து இல்ல, ஒண்ணும் ஆவாது" என்று கொளுத்திவிட்டார்.

எங்கள் கொல்லை வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. நடுவில் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி வைக்கோல் போர். நான் அங்கன்வாடியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது காற்று திரும்பியிருந்தது. எரிந்துகொண்டிருந்த சோகை பறந்து வந்து போரின் மேல் விழுந்தது. போர் பற்றிக்கொண்டது. அங்கிருந்து கொட்டகையின் கீற்றுக்கு வர நேரம் ஆகவில்லை. உள்ளே இரண்டு கறவை மாடு, ஒரு கன்று. என் வீட்டுக்காரர் உள்ளே ஓடினார். வாசல் மூங்கில் எரிந்து விழுந்தது. முடியெல்லாம் பொசுங்கி இருமிக்கொண்டே வெளியே வந்தார். மாடுகள் கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமனார் போனை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "ஆள் உள்ள மாட்டிகினு இருக்குது. சீக்கிரம் வாங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

வண்டி வந்துவிட்டது. அவர் குதித்து இறங்கியதும் கேட்டது, "ஆள் எந்தப் பக்கம்?"

மாமனார் கொட்டகையைப் பார்த்தார்.

"பெரியவரே, ஆள் எங்க?"

"ஆள் இல்ல. மாடு."

அவர் ஒரு கணம் மாமனாரின் முகத்தைப் பார்த்தார். "மாடுன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். உயிர்னுதான சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இன்னொருவரோடு, பின்பக்கத் தட்டியை வெட்டி உள்ளே போனார். மற்ற இரண்டு பேர் அவர்கள் மேல் தண்ணீரை அடித்தார்கள். கயிற்றை அறுத்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார்கள். கடைசியில் கன்றை அவரே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஒரு காது வெந்திருந்தது. அவர் புருவம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு, உள்ளே ஆட்கள் இருந்ததால், எங்கள் வீட்டுக் கூரையையும் இரண்டு பக்கத்து வீட்டுக் கூரைகளையும் நனைத்தார்கள். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்களை வெளியே கூப்பிட்டு நிற்க வைத்தார். அது முடிந்ததும் கையைக் காட்டினார். பம்பு நின்றது.

வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்து வைக்கோல் முழுக்க அதில்தான் இருந்தது. பாதிக்குமேல் இன்னும் பிடிக்கவில்லை.

"ஏம்பா, போருக்கு அடி" என்றார் மாமனார்.

"அது பொருள் பெரியவரே. அடிக்க மாட்டேன்."

"தண்ணியைக் கையில வெச்சுகினு நிக்கிறியே, நீ மனுஷனா?"

அவரோடு வந்த இளைஞர் ஒருவர், "அண்ணே, டேங்க்ல தண்ணி கம்மியா இருக்குதுன்னு சொல்லிடலாம்ணே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எதுக்கு? இருக்குதே" என்றார் அவர். மாமனாரிடம் திரும்பினார். "தண்ணி இருக்குது. பம்பும் இன்னிக்கு ஓடுது. ஸ்ட்ரைக், அதனால அடிக்கல. வேற காரணம் இல்ல."

மாமனார் அவர் சட்டையைப் பிடித்தார். என் வீட்டுக்காரர் விலக்கிவிட்டார். ஊர் கூடிவிட்டது, திட்டாத ஆள் இல்லை. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், குடத் தண்ணீருக்கு அந்தத் தீ அடங்குமா? அவர் குழாயின் முனையைப் பிடித்தபடி போருக்கும் வீடுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பறந்து வந்த பொறி வீட்டுப் பக்கம் விழுந்தால் அதை மட்டும் மிதித்து அணைத்தார். அவர் கை ஒருமுறை பம்பைப் போடச்சொல்லிக் காட்டுவதற்காக உயர்ந்ததை நான் பார்த்தேன். பாதியில் கீழே போட்டுவிட்டார். அழுகிறாரா, புகையா என்று எனக்குத் தெரியவில்லை.

போர் முழுதாகச் சாம்பலாகும்வரை அவர் அங்கிருந்து போகவில்லை. போகும்போது, "கன்னுக்கு மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க, மஞ்சள் கிஞ்சள் வைக்காதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீடியோ எல்லார் போனுக்கும் போனது. இரக்கமில்லாதவன் என்று ஒரு பக்கம் திட்டினார்கள். மாட்டுக்காக வண்டியை எடுத்து ஸ்ட்ரைக்கைக் கெடுத்துவிட்டான் என்று சங்கத்துக்காரர்கள் இன்னொரு பக்கம் திட்டினார்கள். அதிகாரிகள் அவர் சம்பளத்தை நிறுத்தி, விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு ஒரு அதிகாரி எங்கள் ஊர் சமுதாயக்கூடத்துக்கே வந்தார். முதல் சாட்சி என் மாமனார்.

"தண்ணி இருந்தும் அணைக்க மறுத்தாரா?"

"மறுத்தான்."

"உங்களுக்கு நஷ்டம்?"

"ஒரு வருஷ வைக்கோல். மாட்டுக்கு வெலை குடுத்து வாங்கிப் போட்டுகினு இருக்கேன்."

"அதையே புகாரா எழுதிக் குடுங்க பெரியவரே. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

மாமனார் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். எனக்குத் தெரியும், அவர் அந்த ஆளை அப்போதும் மன்னிக்கவில்லை. "எழுதலாம்" என்றார். "கொளுத்தாதேன்னு அவன் முன்னாடியே வந்து சொன்னான். கொளுத்தினது நான். ஆள் உள்ள இருக்குதுன்னு பொய் சொல்லிக் கூப்பிட்டதும் நான். அதையும் சேத்து எழுதுவீங்களா?"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். மாமனார் எழுந்து வந்துவிட்டார். சுவரோரம் நின்றிருந்த நம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலை போகவில்லை. யானாமுக்குத் தூக்கிப் போட்டார்கள். ஆந்திராவுக்குள் இருக்கும் புதுச்சேரிப் பகுதி அது, மொழி தெரியாத ஊர். புதுச்சேரி சர்க்கார் வேலையில் இருப்பவர்களுக்கு யானாம் என்றால் தண்டனை என்று தெரியும். அவர் மனைவி அழுதார். அவர் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய், போவதைச் சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டில் மாமனார் புதுக் கொட்டகையில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, யானாம் போறேன்."

"போ" என்றார் மாமனார், குனிந்தபடியே. அவர் கன்றின் காதை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

அந்த வருஷமே ஸ்டேஷனுக்குப் புது வண்டி வந்தது, மூச்சுக் கருவிகளும் வந்தன. ஸ்ட்ரைக்கால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்டேஷனில் அவர்தான் காரணம் என்கிறார்கள். உயிர் காக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு வேலையை நிறுத்தும் உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் நான் சொல்வேன். எங்கள் வைக்கோலைத் தின்ற தீயைப் பார்த்தவள் சொல்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாயிற்று.

போன வருஷம் மறுபடியும் ஸ்ட்ரைக் அறிவிப்பு வந்தது. இந்த முறை ஆள் குறைவுக்காக. யாரும் ஊர் ஊராக வரவில்லை. போனில் ஒரு செய்தி வந்தது, வெள்ளிக்கிழமை என்று நாள் மட்டும் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விட்டார். அங்கே இருந்த இளைஞர்களிடம், "உயிர்னா வருவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சங்கத்துப் பெரியவர்களுக்குப் போன் செய்து கேட்டு, வருவோம் என்று சொல்லும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை யாரும் சோகை கொளுத்தக் கூடாது, டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். கடையில் இருந்த ஒருவர், "இன்னா, நீயும் அவங்க கட்சி ஆயிட்டியா?" என்று கேட்டார்.

"கட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க உக்காருவாங்க. நாம பாத்து இருந்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, மொபெட்டை மிதித்து அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.